நெல்லிக்காய் தின்ற நாக்குக்கு ஒயின் தெரியும்

பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள், மதுரையிலிருந்து கல்லூரித் தோழி மூன்று நாள் தங்க வருகிறார், அதில் ஒரு நாள் நந்தி மலைப் பக்கம் ஒயினரி ஒன்றுக்கு அழைத்துப் போக ஆசை. இரண்டு பேருக்கும் ஒயின் பற்றி எதுவும் தெரியாது, போனால் காசு தண்டமா, அங்கே என்ன செய்ய வேண்டும், ஒரு பாட்டில் ஊருக்குக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி, கட்டணம், நேரம் எல்லாம் போன் போட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். உங்கள் கேள்விக்குள் இருப்பது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. அங்கே ஒருவர் கிளாஸில் ஊற்றிக் கொடுத்து ‘என்ன மணம் தெரிகிறது?’ என்று கேட்கும்போது, சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டி வருமோ என்ற தயக்கம். அதற்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதுகிறேன். மற்றவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

நான் கோவையில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பெங்களூருக்கு வடக்கே ஓர் ஒயினரியின் ஆய்வகத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். கடைசி நாலு வருஷம், சனி ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துப் பேசும் வேலையும் சேர்ந்துகொண்டது. திராட்சை, நொதித்தல், சுவை பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை, மருத்துவர்தான்.

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்திக் கடை. அங்கே ஒயின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். அதனால் ‘ஒயினரிக்குப் போகிறோம்’ என்று உங்கள் தோழி வீட்டில் சொன்னால் அம்மா முகம் மாறலாம். நேரில் பார்த்தால் அது ஒரு திராட்சைத் தோட்டமும் தொழிற்சாலையும்தான். அரை மணி நேரம் தொட்டிகளையும் பீப்பாய்களையும் சுற்றிக் காட்டுவார்கள், அப்புறம் மேசையில் உட்காரவைத்து நாலைந்து வகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அலுவலகத் தோழிகள், அக்கா தங்கைகள், அம்மாவும் மகளும் என்று பெண்கள் மட்டுமாக வந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு பெண்கள் தனியாகப் போவதில் தயங்க எதுவும் இல்லை.

சரி, மணம் சொல்வதற்கு வருகிறேன். பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதம் கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் ஒன்றை முகர்ந்து பார்த்து எழுதச் சொன்னார்கள். புத்தகத்தில் படித்தபடி ‘பிளாக்கரண்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தாளைப் பார்த்துவிட்டு, அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டார். நான் பார்த்ததுகூட இல்லை. மறுநாள் அவர் தேவனஹள்ளிச் சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் நாவற்பழம் வாங்கி வந்து, ஒரு பழத்தைக் கிளாஸ் பக்கத்தில் நசுக்கி வைத்து, மறுபடியும் முகரச் சொன்னார். அந்த நாவற்பழத்தின் கருநீல வாசம், தின்றபின் நாக்கில் ஏறும் பிடிப்பு, இரண்டும் கிளாஸுக்குள்ளும் இருந்தன. அன்றிலிருந்து, நான் தின்று வளர்ந்த பண்டங்களின் பெயரைத்தான் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அங்கே தரும் தாளில் பேஷன் ஃப்ரூட், கூஸ்பெரி என்று என்னென்னவோ போட்டிருக்கும். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிக்கொள்ளுங்கள். கொய்யாக்காய், புளியம்பழம், வெல்லப்பாகு, மழை பெய்த மண், ஊறுகாய் ஜாடி, எதுவாகவும் இருக்கலாம்.

இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சிவப்பு ஒயினில் முதல்முறை குடிப்பவர்களை மிரட்டுவது டானின். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. அது உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய், நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிப்பது போலாகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் இதைக் கசப்போடு குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அதற்குத் துவர்ப்பு என்று தனிப் பெயரே உண்டு. நெல்லிக்காய், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, அதிக நேரம் கொதித்த தேயிலை என்று சின்ன வயதிலிருந்தே பழக்கமான சுவை. உங்கள் தோழி ஒரு வாய் குடித்துவிட்டு ‘என்னடி இது, துவர்க்குது’ என்று முகம் சுளித்தால், அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். அடுத்ததாக, அந்தத் துவர்ப்பு நெல்லிக்காய் மாதிரி இருந்துவிட்டு இனிப்பாக மாறுகிறதா, பாக்கு மாதிரி அப்படியே நிற்கிறதா என்று கேளுங்கள். நல்ல சிவப்பு ஒயினில் அந்தப் பிடிப்பு மெல்ல இளகி, பழச்சுவை பின்னால் வரும். இளகாமல் தொண்டைவரை அரித்துக்கொண்டே போனால், விலை என்னவாக இருந்தாலும் எனக்கு அது பிடிக்காது.

சுவைத்துப் பார்ப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. கிளாஸைத் தண்டில் பிடித்து மேசைமேல் வைத்தபடியே வட்டமாக ஆட்டுங்கள். மணம் எழும்பும். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுங்கள். நீளமாக ஒரே இழுப்பு இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். அப்புறம் ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிட்டு, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பங்கு தொண்டைக்குப் பின்னால் மூக்குக்குப் போகும் மணம்தான். ஜலதோஷத்தில் ரசம்கூடச் சப்பென்று இருப்பது அதனால்தான். இன்னொன்று, ஒவ்வொன்றாகக் குடித்து முடிக்காமல் இரண்டு கிளாஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஓர் ஒயினைப் பற்றி ஒன்றும் சொல்ல வராதவர்கள்கூட, இரண்டை மாற்றி மாற்றி முகர்ந்தால் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு பேர் என்பதால், முடிந்தவரை ஆளுக்கு ஒரு வகையாகக் கேட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

சில மணங்கள் கற்பனை இல்லை, வேதியியல். சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் கிளாஸில் குடமிளகாயை அறுத்த வாசம் வந்தால், அந்தக் காயில் இருக்கும் பைரசின் வகைப் பொருள்தான் இதிலும் இருக்கிறது. மரப்பீப்பாயில், அதிலும் அமெரிக்க ஓக் பீப்பாயில், இருந்த ஒயினில் கொப்பரைத் தேங்காய் வாசம் வருவதற்கு அந்த மரத்திலுள்ள லாக்டோன் காரணம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் நிஜ மிளகிலும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் தண்ணீரில் அந்த மணம் தெரியவே இல்லை. அதனால் உங்களுக்கு மிளகு தெரிந்து தோழிக்குத் தெரியாவிட்டால் அவர் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். மூக்குக்கு மூக்கு அமைப்பே வேறு.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் உள்சுவரில் கோடு கோடாக வழியும். அதைக் காட்டி ‘பாருங்கள், எவ்வளவு உயர்ந்த ஒயின்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் ஏற்படும் பரப்பு இழுவிசை வேறுபாடு அது. ஆல்கஹாலும் சர்க்கரையும் கூடுதலா என்று ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. ‘இந்த மண்ணின் தாது ருசி இதில் தெரிகிறது’ என்பதும் அப்படித்தான். அந்த உணர்வு பலருக்கு வருகிறது, நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் கல்லும் மண்ணும் நேராக வேர் வழியே கிளாஸுக்கு வருகின்றன என்பதற்கு நிரூபணம் இல்லை. எந்த ஒயின் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்பதும் பெரும்பாலும் பழக்கமும் விருப்பமும்தான். நம் காரக் குழம்போடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சண்டை போடும், லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒத்துப்போகும் என்பது என் சொந்த அனுபவம்.

தோட்டத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் வட்டாரத்தில் வழியெங்கும் புடலங்காய்ப் பந்தல் மாதிரி தலைக்கு மேல் படர்ந்த திராட்சை தெரியும். அது பெரும்பாலும் சாப்பிடவும் சாறு பிழியவும் வளர்ப்பது. பெங்களூரு நீலத் திராட்சை அந்த வகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. திராட்சை மிட்டாயில் வருமே, அந்த வாசம் இயற்கையாகவே அதில் உண்டு. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள்தான் இரண்டுக்கும் பொது. அதிலிருந்து மலிவான இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஒயினரிக்குள் போனால் பெரும்பாலும் பந்தல் இருக்காது. வரிசையாகக் கம்பி கட்டி, வேலி மாதிரி நிமிர்த்தி வளர்த்திருப்பார்கள். கேபர்னே, ஷிராஸ், சாவின்யோன் பிளாங்க் போன்ற ஐரோப்பிய ரகங்கள் அவை. 1988இல் குரோவர் குடும்பம் தொட்டபள்ளாபுரம் பக்கத்தில் தொடங்கிய நிறுவனம் இந்த ரகங்களை இங்கே நிலைநாட்டியது. அது 2012இல் நாசிக் நிறுவனம் ஒன்றோடு இணைந்து குரோவர் ஜாம்பா ஆனது. உங்கள் தோழிக்குத் தேனிப் பக்கம் உறவு இருந்தால் இன்னும் சுலபமாகப் புரியும். கம்பம் பன்னீர் திராட்சையும் பந்தலில்தான் படர்கிறது, 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே கொடி இலையுதிர்த்துத் தூங்குவதில்லை. ஐரோப்பாவில் பனி செய்கிற வேலையை இங்கே கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, செய்கிறது. அறுவடை முடிந்ததும் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் காய்ப்புக்காக இன்னொன்று. அதனால் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் காய் முற்றி, ரகத்தைப் பொறுத்து பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை அறுவடை நடக்கும். மழைக்காலத்தில் பழுக்கவிட்டால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் தின்றுவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் இரவில் நன்றாகக் குளிர்கிறது, பழத்தில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி மார்ச்சில் போங்கள். பழத்தோடு கொடியைப் பார்க்கலாம், கேட்டால் ஒரு பழம் பறித்துத் தரவும் கூடும். அந்தப் பழம் சின்னது, கெட்டித் தோல், உள்ளே விதை, இனிப்போ இனிப்பு. தோலைத் தனியாக மென்று பாருங்கள், துவர்ப்பும் நிறமும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். கறுப்புத் திராட்சைக்கும் உள்ளே சாறு நிறமற்றதுதான்.

அந்த நாளை எப்படி அமைப்பது என்றால், நான் காலையிலேயே கிளம்பச் சொல்வேன். சனி ஞாயிறு விடியலில் சூரியோதயம் பார்க்க நந்தி மலைக்கு ஊரே படையெடுக்கும். அந்தக் கூட்டத்தில் மாட்டாமல் வார நாளில் போக முடிந்தால் நல்லது. எலஹங்காவில் இட்லி பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள். முதலில் மலையடிவாரத்து நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிடுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில், சோழர் காலத்து வேலைப்பாடும் உண்டு, கல்யாணி என்று சொல்லும் படிக்குளம் அவ்வளவு அழகு. குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போக நம் மனசு கேட்காது, அதனால் இந்த வரிசைதான் சரி. ஒயினரியில் முற்பகல் பதினொன்றரைக்கு இடம் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். நாக்கும் மூக்கும் கூர்மையாக இருக்கும் நேரம் அது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஃபில்டர் காபி, வெற்றிலை, புதினா மிட்டாய் எதுவும் வேண்டாம். சென்ட் போடாதீர்கள்.

பூவும் வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை மதுரைக்காரர்கள், அக்காவும் தங்கையும், தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அறை முழுக்க மல்லி. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கிளாஸை முகர்ந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பெரியவர் கோபித்துக்கொள்ளாமல் இரண்டு பேர் பூவையும் எடுத்து ஈரக் கைக்குட்டையில் சுற்றி வெளியே காரில் வைத்துவிட்டு வந்தார். அவருக்கு வியோனியே என்ற வெள்ளை ஒயினை ஊற்றினேன். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். ‘பூவை வெளிய வச்சிட்டு வரச் சொன்னீங்க. இதுக்குள்ளயும் பூதானேம்மா இருக்கு!’ என்றார். வியோனியேயில் பூமணம் உண்மையிலேயே உண்டு, மல்லிகையிலும் இருக்கிற லினலூல் என்ற வாசனைப் பொருள் அதிலும் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் யாரும் அந்த ஒயினைப் பற்றி அதைவிடத் துல்லியமாக எனக்குச் சொன்னதில்லை.

அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 30 மி.லி. தானே என்று தோன்றும். ஐந்து வகை என்றால் 150 மி.லி., 13 சதவீத ஆல்கஹால் என்று வைத்தால் சுமார் 15 கிராம் சுத்த ஆல்கஹால். 55 கிலோ எடையுள்ள பெண் இதை ஒரு மணி நேரத்தில் குடித்தால், வழக்கமான கணக்குப்படி, ரத்தத்தில் 100 மி.லி.க்கு 35 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் எல்லை 30. இது சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள், சாப்பாட்டைப் பொறுத்துக் கூடும் குறையும். அதனாலேயே ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று வண்டியை எடுக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பெல்லாரி சாலையில் லாரிகள் போகும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அபராதம் சின்ன விஷயம். நாள் முழுக்க வாடகைக் கார் பேசிவிடுங்கள், திரும்பும்போது அந்தப் பக்கம் ஆப்பில் கார் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரு நாளில் நாற்பது தொட்டிகளை எப்படிச் சோதிப்பது? வெற்றிலை போடும் பாட்டிக்குப் பக்கத்தில் படிக்கம் இருந்த மாதிரி, மேசையில் அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மிகவும் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் விழுங்குங்கள். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். ஏதாவது ஓர் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசமோ வினிகர் நெடியோ வந்தால், ‘இந்த பாட்டில் எப்போது திறந்தது?’ என்று தைரியமாகக் கேளுங்கள். திறந்து நாளாகியிருந்தாலோ, பாட்டிலே கெட்டிருந்தாலோ புதியதைத் திறந்து தருவது அவர்கள் கடமை. நான் ஊற்றிய காலத்தில் அப்படிக் கேட்டவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், கவனித்துக் குடிக்கிறார்கள் என்று தெரியும்.

உடம்பு பற்றி இரண்டு வார்த்தை. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்லி யாரும் உங்களுக்கு ஊற்றவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அறிவித்தது. ருசிக்காகக் குடிக்கலாம், மருந்தாக அல்ல. சிவப்பு ஒயின் குடித்தால் சிலருக்குத் தலைவலி வருவது நிஜம், காரணம் இன்னும் முடிவாகவில்லை. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்தான் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் உலர்ந்த பழங்கள் பலவற்றில் அதைவிட அதிகமாகவே சல்ஃபைட் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு அது நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. தோழி சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்றால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். குடிக்கவே விருப்பமில்லை என்றாலும் அவர் வரலாம். முகர்ந்தால் போதும், முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும்.

தேதி குறிக்கும் முன் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தேர்தலை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றில் மது விற்பனை இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். பாட்டில் விஷயத்தில், மதுரைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, ஓசூர் எல்லைச் சோதனையில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. அவருக்குப் பிடித்ததில் ஒன்றை வாங்கி, வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காமல் உங்கள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அன்று இரவு சமைத்த சாப்பாட்டோடு அரை கிளாஸ் ஊற்றிப் பாருங்கள். காலையில் சொன்னதையே இப்போதும் சொல்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் மாற்றித்தான் சொல்வார். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும், அவர் ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் போதும்.